உஷார்! தண்ணீராலும் சோடியம் இறங்கும்

வெயில் ஏறியதும் வீட்டுக்கு வீடு ஒரே உபதேசம்: "தண்ணி நிறையக் குடிங்க." வயலிலும் கட்டட வேலையிலும் நாள் முழுக்க வேர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு அது சரியான சொல். ஆனால் வீட்டுக்குள் படுத்திருக்கும் 75 வயது அம்மாவை எண்ணிப் பாருங்கள். மூன்று நாளாகக் காய்ச்சல். அரை டம்ளர் கஞ்சிக்கு மேல் உள்ளே போகவில்லை. ரத்த அழுத்த மாத்திரை மட்டும் தவறாமல் போகிறது. மகன் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம், "சூடு தணியணும்மா, இன்னும் கொஞ்சம் குடிங்க" என்று சொம்பு சொம்பாக நீட்டுகிறார்கள். அக்கறைதான். ஆனால் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து நடப்பது பல வீடுகளிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கிறது. முதலில் குமட்டல்; சாப்பாட்டைக் கண்டாலே வேண்டாம் என்பார். பிறகு தலைவலி, நடையில் தள்ளாட்டம், பாத்ரூம் வாசலில் ஒருமுறை விழுவார். அதன்பின் பேச்சு குழறும். என்ன கிழமை என்று தெரியாது. மகனைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்" என்று வீடு சமாதானம் சொல்லிக்கொள்ளும். நள்ளிரவில் வலிப்பு வரும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 112. 135-க்கும் 145-க்கும் நடுவில் இருக்க வேண்டியது.

"அம்மா உப்பே சேர்த்துக்கறதில்லை டாக்டர், அதான்!" உடனே வரும் பதில் இது. தப்பு. 112 என்பது உடம்பில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்ற கணக்கே அல்ல. ஒரு லிட்டர் ரத்த நீரில் எவ்வளவு சோடியம் கரைந்திருக்கிறது என்ற விகிதம். உப்பு குறைந்தாலும் அது இறங்கும், தண்ணீர் கூடினாலும் இறங்கும். முதியவர்களிடம் காண்பதில் பெரும்பகுதி இரண்டாவது வகை, அல்லது இரண்டும் கலந்த வகை. மிஞ்சிய தண்ணீரை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நின்றது? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பதில் சிறுநீரகச் செல்களில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடுவோம். இது புரிந்தால்தான் எந்த மாத்திரை, எந்த பாட்டில், எந்த நேரத்தில் ஆபத்து என்பது பிடிபடும்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் ரத்த நீரை வடிகட்டுகின்றன. அதோடு சேர்ந்து வடியும் சோடியத்தைச் சமையலுப்பாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதில் 99 சதவீதத்துக்கும் மேல் திரும்ப உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கே வந்துவிடுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்குழாய்கள். அவற்றின் சுவராக நிற்கும் செல்கள்தான் இந்த வேலையைச் செய்கின்றன. செல்லின் ரத்தப் பக்கச் சவ்வில் ஒரு பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ 1957-ல் நண்டின் நரம்பில் கண்டறிந்த பம்பு இது. நோபல் பரிசு வர 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது அவருக்கு. பம்பு ஓடுவதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. அதனால் குழாயில் ஓடும் நீரிலிருந்து சோடியம் செல்லுக்குள் இறங்கியபடியே இருக்கிறது.

குழாயின் முதல் பகுதியில் சோடியத்தின் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்படும். அங்கே சோடியத்தோடு தண்ணீரும் சரிசமமாகப் போகிறது; செறிவு மாறாது. வித்தை அடுத்த கட்டத்தில்தான். ஹென்லே வளைவின் ஏறுமுகப் பகுதிச் செல்கள் உப்பை மட்டும் உறிஞ்சும், தண்ணீரைத் தொடாது. இதனால் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் முடிகிறது. குழாய்க்கு வெளியே, சிறுநீரகத்தின் உள்ளடுக்கு, கரைபொருள் நிறைந்து ரத்தத்தைப் போல நான்கு மடங்கு செறிவு வரை ஏறும். குழாய்க்கு உள்ளே ஓடும் நீரோ நீர்த்துப்போகும். அதற்கடுத்த சிறு துண்டு இன்னும் கொஞ்சம் உப்பை எடுத்து, நீரை மேலும் நீர்க்கச் செய்கிறது. இந்தச் சிறு துண்டை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் வில்லன் அங்கேதான் வந்து உட்காரப் போகிறான்.

கடைசியில் சேகரிப்புக் குழாய். அதன் சுவரில் தண்ணீருக்கென்றே மதகுகள் உண்டு. தண்ணீருக்குத் தனி வழி விடும் இப்படியொரு புரதம் இருக்கிறது என்று பீட்டர் ஆக்ரே 1992-ல் காட்டினார். 2003-ல் அவருக்கும் நோபல். மதகைத் திறக்கும் உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. ரத்தத்தின் செறிவு ஒரு சதவீதம் கூடினால் போதும், மூளையின் அடிப்பக்கத்தில் இருக்கும் உணர்செல்கள் சுருங்கி, வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சுரக்க வழி செய்கின்றன. அது வந்து தொட்டதும், குழாய்ச் செல்லுக்குள் குமிழிகளில் காத்திருந்த மதகுகள் சவ்வின் மேற்பரப்புக்கு ஏறும். தண்ணீர் சவ்வூடு பரவலால் உப்பு நிறைந்த உள்ளடுக்குக்குப் பாய்ந்து ரத்தத்துக்குத் திரும்பிவிடும். சிறுநீர் கெட்டியாக, மஞ்சளாக வரும். தண்ணீர் அதிகம் குடித்தால் எல்லாம் தலைகீழ்: ஹார்மோன் நிற்கும், மதகுகள் உள்ளே இறங்கும், சிறுநீர் பச்சைத் தண்ணீராகப் போகும். நன்றாகச் சாப்பிடும் ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரகத்தால் ஒரு நாளில் 12 லிட்டருக்கு மேலேயும் தண்ணீரை இப்படி வெளியேற்ற முடியும்.

இவ்வளவு மேடு பள்ளத்தில் அந்தச் செல்கள் தாமே எப்படிப் பிழைக்கின்றன? சுற்றிலும் உப்பு ஏறினால் எந்தச் செல்லும் தண்ணீரை இழந்து சுருங்கும். உள்ளடுக்குச் செல்கள் அதற்குச் சொந்த ஏற்பாடு வைத்திருக்கின்றன. செறிவு கூடியதும் ஒரு மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் விழித்து, சார்பிட்டால், இனோசிட்டால், பீட்டைன், டாரைன் போன்ற தீங்கற்ற பொருட்களைச் செல்லுக்குள் நிரப்பச் சொல்லும். வெளியே உப்பு, உள்ளே இவை, சமன். நீங்கள் தண்ணீர் குடித்து உள்ளடுக்கு நீர்த்தால், இவற்றை மளமளவென்று வெளியே கொட்டிவிடும்.

இன்னொரு கூட்டமும் உண்டு: டபிள்யூ.என்.கே. என்ற நொதிகள். முதலாவதை 2000-ல் அமெரிக்காவின் டல்லாஸ் ஆய்வகம் ஒன்று கண்டுபிடித்தபோதே, செறிவு மாறும்போது அது கிளர்ந்தெழுவது தெரிந்தது. செல் சுருங்கினால் உள்ளே இருக்கும் புரதங்கள் நெருக்கியடிக்கும். அந்த நெரிசலைத்தான் இந்த நொதி உணர்கிறது, உடனே துளிகளாகத் திரண்டு வேலையைத் தொடங்குகிறது என்று 2022-ல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேலை என்ன? சோடியமும் குளோரைடும் செல்லுக்குள் நுழையும் வாசல்களை முடுக்கிவிடுவது. இதே குடும்பத்து நொதிகள்தான் மறக்க வேண்டாம் என்று சொன்ன அந்தச் சிறு துண்டிலும் சோடிய வாசலின் கடிவாளத்தைப் பிடித்திருக்கின்றன. இவற்றின் மரபணுவில் கோளாறு இருக்கும் சில குடும்பங்களில் வாசல் அளவுக்கு மீறித் திறந்து, இளவயதிலேயே ரத்த அழுத்தம் ஏறுகிறது. யேல் பல்கலைக்கழகக் குழு 2001-ல் இதை வெளியிட்டது. அவர்களுக்கு மருந்து எது தெரியுமா? அந்த வாசலையே நேராக அடைக்கும் தயசைடு மாத்திரை.

வில்லன் வந்துவிட்டான். வில்லன் என்பது கொஞ்சம் அநியாயமான வார்த்தைதான். லட்சக்கணக்கானோரின் ரத்த அழுத்தத்தைக் குறைத்து, பக்கவாதத்தைத் தடுத்து வருகிற, விலை மலிவான நல்ல மருந்து அது. நம் ஊரில் அது பெரும்பாலும் தனியாக வருவதில்லை. டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் போன்றவற்றோடு ஒரே மாத்திரையாக வருகிறது. பெயரின் வாலில் எச் என்றோ சி.டி. என்றோ ஒட்டியிருக்கும். அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு இவற்றில் ஒன்று இருக்கும். சாப்பிடுகிறவருக்கு அது வெறும் "பி.பி. மாத்திரை". அதற்குள் ஒரு நீர் மாத்திரை இருப்பது தெரியாது.

அது அடைக்கும் வாசல்தான் சிறுநீரைக் கடைசியாக நீர்க்கச் செய்யும் இடம். அங்கே உப்பு எடுபடாவிட்டால் சிறுநீர் போதுமான அளவு நீர்க்காது; மிஞ்சிய தண்ணீர் உடம்பிலேயே தங்கும். ஆனால் உள்ளடுக்கின் உப்புச் செறிவை அது தொடுவதில்லை. ஆகவே வாசோப்ரெசின் வந்து மதகைத் திறந்தால் தண்ணீர் வழக்கம்போலத் திரும்ப உறிஞ்சப்படும். வெளியேற்ற முடியாது, உள்ளே இழுக்க முடியும்: இரட்டைப் பொறி. ஃப்யூரோசமைடு இதைவிட வலுவான நீர் மாத்திரை. ஆனால் அது ஹென்லே வளைவையே முடக்கி உள்ளடுக்கின் செறிவைக் கலைத்துவிடுவதால், சோடியத்தை இந்த அளவுக்கு இறக்குவது குறைவு. வலுவானதைக் கண்டு பயந்து மென்மையானதை அலட்சியமாகச் சாப்பிடுகிறோம். தயசைடால் சோடியம் இறங்குவது பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில். வயதான, மெலிந்த உடல்வாகுள்ள பெண்களுக்கு அபாயம் அதிகம். ஆனால் வருடக்கணக்காகச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவருக்கும் ஒரு காய்ச்சல், ஒரு வாந்தி வந்தால் போதும்.

ஏனென்றால் மதகைத் திறக்கச் சொல்வது ரத்தத்தின் செறிவு மட்டுமல்ல. குமட்டல், வலி, அறுவைசிகிச்சை, நிமோனியா இவையும் வாசோப்ரெசினைச் சுரக்க வைக்கும், ரத்தம் ஏற்கெனவே நீர்த்திருந்தால்கூட. சில மாத்திரைகளும் அப்படியே: மனச்சோர்வுக்குத் தரும் எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின், வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் தரும் கார்பமசிபைன், ஆக்ஸ்கார்பசிபைன். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகையறா வாசோப்ரெசினின் பிடியை இறுக்கும். இரவில் சிறுநீர் போகாமலிருக்கத் தரும் டெஸ்மோப்ரெசின் என்பது வாசோப்ரெசினின் நகல்தான். அதைப் போட்டுக்கொண்டு படுக்கப்போகும் முன் ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பது நெருப்போடு விளையாடுவது.

இப்போது கஞ்சிக்கு வருவோம். அதிகம் பேசப்படாத விஷயம் இது. சிறுநீரகத்தால் தண்ணீரைத் தனியாக வெளியேற்ற முடியாது. அதில் கொஞ்சமாவது கரைபொருள் இருந்தாக வேண்டும். நாம் உண்ணும் உப்பும் புரதமும்தான் அந்தக் கரைபொருளைத் தருகின்றன. நன்றாகச் சாப்பிடுகிறவரிடம் ஒரு நாளைக்கு 600 அலகாவது சேரும். லிட்டருக்கு 50 அலகு வரை நீர்க்கச் செய்யத் தெரிந்த இளம் சிறுநீரகம் அதை வைத்து 12 லிட்டர் தண்ணீரை வெளியேற்றும். பருப்பில்லாத, முட்டையில்லாத, உப்பும் குறைந்த வெறும் கஞ்சியில் கிடக்கும் பாட்டியிடம் 200 அலகுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயதான சிறுநீரகம் 100 வரைதான் நீர்க்கச் செய்யும் என்றால், இரண்டே லிட்டர். தயசைடும் சேர்ந்து அதை 200-லேயே நிறுத்திவிட்டால், ஒரே ஒரு லிட்டர். அதற்கு மேல் ஊற்றுகிற ஒவ்வொரு சொம்பும் உடம்பில்தான் நிற்கும். வேர்வையில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

ரத்தம் நீர்த்தால் சவ்வூடு பரவல் தன் வேலையைக் காட்டும்: தண்ணீர் செல்களுக்குள் புகும். கையிலோ காலிலோ செல்கள் வீங்கினால் இடம் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் இடமில்லை. குமட்டலும் உளறலும் வலிப்பும் மூளை நெரிபடுவதன் அடையாளங்கள்.

அந்த நிலையில் அக்கம்பக்கத்தார் சொல்லும் யோசனை தெரிந்ததுதானே? "அசதியா இருக்காங்க, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக் கூட்டிட்டு வாங்க." இதைவிட மோசமான யோசனை இல்லை. 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் சோடியம் பூஜ்யம். குளுக்கோஸை உடம்பு எரித்துவிடும். மிச்சம் வெறும் தண்ணீர், அதுவும் நேராக ரத்தக் குழாயில். பரிசோதனை இல்லாமல் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் டிரிப்ஸ் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். சாதாரண சலைன்கூட எல்லோருக்கும் சரிப்படாது. வாசோப்ரெசின் தேவையில்லாமல் சுரந்துகொண்டிருப்பவருக்கு ஒரு லிட்டர் சலைன் ஏற்றினால், சிறுநீரகம் அந்த உப்பு முழுவதையும் கெட்டியான அரை லிட்டர் சிறுநீரில் வெளியேற்றிவிட்டு, மீதி அரை லிட்டர் தண்ணீரை வைத்துக்கொள்ளலாம். சலைன் ஏற்றியபின் சோடியம் இன்னும் இறங்கியிருப்பதைப் பார்த்து வீட்டார் திகைப்பது இதனால்தான். இது எந்த வகை என்று அறியத்தான் மருத்துவர்கள் சிறுநீரின் சோடியத்தையும் செறிவையும் கேட்கிறார்கள். வீண் செலவு என்று தட்டாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு ரத்தச் சர்க்கரை 400, 500 என்று ஏறியிருந்தாலும் சோடியம் இறங்கித் தெரியும். அங்கே வைத்தியமே வேறு.

"உப்புதானே, ஒரு ஸ்பூன் கரைச்சு ஊத்திடுவோம்" என்று யாராவது கிளம்பினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். அது போக இன்னொரு பயங்கரம் இருக்கிறது. சிறுநீரகத்தின் உள்ளடுக்குச் செல்கள் டாரைன், இனோசிட்டால் என்று நிரப்பியும் கொட்டியும் சமாளிப்பதைப் பார்த்தோமே, மூளைச் செல்களும் அதே பொருட்களைத்தான் நம்பியிருக்கின்றன. சோடியம் இறங்கிய ஓரிரு நாளில் அவற்றை வெளியே தள்ளி வீக்கத்தைக் குறைத்துக்கொள்ளும். சிறுநீரகச் செல்லுக்கு இது தினப்படி வேலை. மூளைச் செல் இழந்ததைத் திரும்பச் சேர்க்கப் பல நாள் எடுக்கும். அதற்குள் சோடியத்தை அவசரமாக ஏற்றினால் செல்கள் வற்றிச் சுருங்கி, நரம்புகளின் மேலுறை சிதையும். பேச்சும் விழுங்குதலும் போய், கைகால் அசையாமல் கிடக்க நேரலாம். மூளைத்தண்டின் இந்தச் சேதத்தை 1959-லேயே அமெரிக்க மருத்துவர்கள் விவரித்துவிட்டார்கள். அதனால்தான் நாள்பட்ட குறைவில் 24 மணி நேரத்துக்கு 8 முதல் 10 அலகுக்கு மேல் சோடியம் ஏறக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். வலிப்பு வந்தவருக்கு 3 சதவீத உப்பு நீர் கொடுத்து முதல் சில அலகுகளை வேகமாக ஏற்றுவார்கள், அதுவும் மணிக்கணக்கில் ரத்தம் சோதித்துக்கொண்டே. "நாலு நாளாச்சு, இன்னும் 124-தானா?" என்று ஐ.சி.யூ. வாசலில் சண்டை போடாதீர்கள். மெதுவாக ஏறுவதுதான் அங்கே வைத்தியம்.

முதியவர்களோடு இது நிற்கவில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே. மூன்று பேருக்கு 120 அல்லது அதற்கும் கீழே. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்குத்தான் அபாயம் அதிகம், அதாவது வேர்த்ததைவிட அதிகம் குடித்தவர்களுக்கு. சென்னை, கோவை மாரத்தான்களுக்கு முதன்முறை தயாராகிறவர்கள் கவனிக்க வேண்டும்: தாகத்துக்குக் குடியுங்கள், ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் நிற்காதீர்கள். 2007 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ஒரு வானொலி நிலையம் நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் கலந்துகொண்ட இளம் தாய் ஒருவர் வீடு திரும்பிச் சில மணி நேரத்தில் இறந்துபோனார். சமூக ஊடகத்தில் சவால் என்று வருவதைப் பார்க்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு வெறும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். "வெயிலு கொளுத்துது, நாக்கை நனைச்சு விடு" என்று சங்கடையில் ஊற்றும் பாட்டிமார்கள் இன்னும் இருக்கிறார்கள். பச்சைக் குழந்தையின் சிறுநீரகம் வடிகட்டும் வேகமே குறைவு. கூடுதல் தண்ணீரைச் சட்டென்று தள்ளத் தெரியாது. சோடியம் இறங்கி ஜன்னி வரும். தாய்ப்பாலில் அதற்கு வேண்டிய தண்ணீர் இருக்கிறது. புட்டிப்பால் கொடுப்பவர்களும் டப்பாவில் போட்ட அளவை மீறித் தண்ணீர் கலக்கக் கூடாது.

தண்ணீரையே குறைத்துக்கொள் என்று யாரும் இதைப் புரிந்துகொண்டால் அது வேறொரு ஆபத்து. உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவர், சிறுநீரகக் கல் வந்தவர், வயிற்றுப்போக்கில் இருப்பவர் இவர்கள் குடித்தே ஆக வேண்டும். வேர்வையில் உப்பும் போகிறவருக்கு உப்புப் போட்ட நீர்மோர் வெறும் தண்ணீரைவிட மேல். வயிற்றுப்போக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரான ஓ.ஆர்.எஸ். பொடி: லிட்டருக்கு 75 அலகு சோடியம், அதை உறிஞ்ச உதவும் அளவான குளுக்கோஸ். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் கரைத்தால் சோடியம் எகிறும், இரண்டு லிட்டரில் கரைத்தால் பயனில்லை.

இன்றைக்கே செய்யக்கூடியது இது. அம்மா அப்பாவின் மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், இண்டபமைடு இவற்றில் ஒன்று இருந்தால், தொடங்கிய சில வாரத்திலும் பிறகு அவ்வப்போதும் சோடியம், பொட்டாசியம் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாடு இறங்காமை வந்தால் அன்றே மருத்துவருக்குப் போன் செய்து அந்த மாத்திரையைத் தொடரலாமா என்று கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு தொடரவும் வேண்டாம். திடீர் உளறல், திடீர் தள்ளாட்டம், காரணமில்லாமல் விழுதல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ரத்தச் சோதனை. வலிப்போ மயக்கமோ வந்தால் 108.

சோடியம் சரியாகி வீடு திரும்பிய பிறகும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தயசைடு மருந்து வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள், வேதிப்பெயரில். அலமாரியில் பழைய அட்டை கம்பெனிப் பெயரில் கிடக்கும். மாதக் கடைசியில் பேரன் அதையே காட்டிக் கடையில் இன்னொரு அட்டை வாங்கி வருவான். தயசைடால் ஒருமுறை சோடியம் இறங்கியவருக்கு மறுபடி அதே குடும்பத்து மாத்திரை கொடுத்தால் மறுபடியும் இறங்கும், சில சமயம் முதல் தடவையைவிட வேகமாக. பழைய அட்டைகளை அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். மருந்தின் வேதிப்பெயரை அவருடைய நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், "இது ஆகாது" என்று. பல் டாக்டரிடம் போனாலும் எலும்பு டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.